திருப்பிப் போட்ட வாசல்

மைமூனா ஒரு கட்டடத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றாள். கதவைத் தள்ள அவளுக்குக் கை இல்லை. நான் போய்த் திறந்துவிட்டேன்.

அட்டையில் செய்த கட்டடம். கோழிக்கூண்டு அளவு இருக்கும். கூரையில் பசை இன்னும் ஈரம். அவள் விரல் நுனிகளிலும் பசை காய்ந்து, தோல் உரிகிற மாதிரி தொங்கியது.

உள்ளே மூன்று பேர் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ச் சுவரில் அவள் வரைந்த ஆறு படங்கள். அவள் வரத் தாமதமானதால் அவற்றைச் சுவரில் குத்தி வைத்தவன் நான்தான்.

நடுவில் இருந்த விரிவுரையாளர் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. பல் வரிசை நன்றாகத்தான் இருந்தது.

"வா, வா. ஒரு வருஷமா சொன்னேன். கடைசியில கேட்டுட்ட" என்றார்.

மைமூனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கட்டடத்தை மேசையில் வைத்தாள். நான் அதைப் பார்த்தேன். பிறகு சுவரைப் பார்த்தேன்.

அட்டைக் கட்டடத்தில் வாசல் வலப்பக்கம். சுவரில் இருந்த கீழ்த்தளப் படத்தில் வாசல் இடப்பக்கம்.

தப்பு என்னுடையது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். இந்தத் தொடரை வெளியிடும் பத்திரிகையில் இருக்கும் தம்பி போன வாரம் போன் செய்தார். "அண்ணே, கப்பல்ல மூட்ட தூக்குன கதைய நாலு பாராவுல முடிச்சிட்டீங்க. படிக்கிறவங்க இன்னும் கேக்குறாங்க. கொஞ்சம் நீட்டுங்கண்ணே" என்றார். நீட்டுவது எனக்கு வராது. முயற்சி செய்கிறேன்.

மேட்டு வேலை

சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன் என்று போன வாரம் எழுதினேன். பிறகு பெரிய பெரிய பெட்டிகளில் சரக்கு வர ஆரம்பித்தது. எங்கள் கூட்டமே சேர்ந்து ஒரு வாரம் செய்வதைக் கிரேன் ஒரு காலைப் பொழுதில் செய்தது. எங்களிடம் அது ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை.

மாதா கோயிலில் பாட்டுக் குழுவில் இருந்த பீட்டர் அண்ணன்தான் பல்கலைக்கழகத்தில் ஆள் எடுப்பதாகச் சொன்னார்.

"என்ன வேலண்ணே?"

"கதவத் தொறக்கணும். கூட்டணும். ஒரு மெஷின் ஓட்டணும்."

"பிள்ளைங்க என்ன படிக்குது அங்க?"

"கட்டடம் கட்ட."

"அதுக்கு எதுக்குப் படிக்கணும்? எங்க ஊரு மேஸ்திரி கைநாட்டு."

"அதான் உங்க ஊரு வீடெல்லாம் ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது" என்றார் பீட்டர் அண்ணன்.

எனக்கு மூன்றாம் வகுப்பு. அப்போது தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இங்கிலீஷ் காதில் விழுந்தால் பாதி புரியும். எழுத்தாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. அந்த வேலைக்கு அது போதும் என்றார்கள்.

கிளமெண்டியில் எங்களுக்கு வீடு. அங்கிருந்து பல்கலைக்கழகம் இருந்த மேட்டுக்கு பஸ். முதல் நாள் போனபோது ஒரு பெரிய அறைச் சுவர் முழுக்கப் படம் குத்தியிருந்தது. ஒரு வாலிபன் அதன் முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தான். எதிரே நாலு ஆசிரியர்கள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பெயர் கிரிட் என்று பிற்பாடு தெரிந்தது.

வீட்டுக்கு வந்து என் மனைவி ஆரோக்கியத்திடம் சொன்னேன்.

"படம் போட்டுச் சுவத்துல குத்தணும். முன்னால நிக்கணும். வாத்தியாருங்க உக்காந்து குறை சொல்லுவாங்க. அதான் பரீட்ச."

"அடிப்பாங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு அழுவுறான்? இங்க வந்து என்கூட ஒரு நாள் மீனு வாங்க வரச் சொல்லு. குறைன்னா என்னன்னு தெரியும்."

முதல் வாரமே எனக்கு ஒரு சறுக்கல். பிள்ளைகள் படம் போடும் ஸ்டூடியோவைக் கூட்டும்போது ஒரு மேசையடியில் பச்சையாகப் பஞ்சுத் துண்டுகள் கிடந்தன. கூட்டி அள்ளிவிட்டேன். ஒரு சீனப் பெண் ஓடி வந்தது. "அங்கிள், அது என்னோட மரம்!" என்றது. குப்பைத் தொட்டிக்குள் கையை விட்டு ஒரு தோப்பை மீட்டேன்.

அதற்குப் பிறகு எதையும் கேட்டுத்தான் எடுப்பேன். ஒருநாள் ஒரு மேசையைக் காட்டி, "ஸார், இது குப்பையா கட்டடமா?" என்று ஓர் ஆசிரியரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி நன்றாகப் பார்த்தார். "ரெண்டும்தான்" என்றார்.

அமோனியா

என் மெஷின் கீழ்த்தளத்தில் ஒரு ஜன்னலில்லாத அறையில் இருந்தது. பிள்ளைகள் கண்ணாடி மாதிரித் தெரியும் டிரேசிங் தாளில் மையால் வரைவார்கள். அதை ஒரு மஞ்சள் தாளின்மேல் வைத்து மெஷினுக்குள் விட வேண்டும். உள்ளே வெளிச்சம் அடிக்கும். பிறகு அந்த மஞ்சள் தாள் அமோனியா ஆவிக்குள் போய் வரும். கோடெல்லாம் நீலமாக எழும்பும்.

அமோனியா வாடையைத் தெரியாதவர்களுக்கு எப்படிச் சொல்வது? பத்து நாள் கழுவாத கழிவறையை ஒரு பாட்டிலில் அடைத்து மூக்குக்கு நேராகத் திறந்ததுபோல் இருக்கும். ஆரோக்கியம் என்னை வாசலிலேயே சட்டையைக் கழற்றச் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நான் உட்காரும் பெஞ்சில் எப்போதும் தாராளமாக இடம் இருக்கும்.

படம் கொடுக்க வேண்டிய நாள் வந்தால் வாசல்வரை வரிசை. "அங்கிள், ஃபாஸ்ட் லா! அங்கிள், என்னோடது முதல்ல லா!" எல்லோர் கண்ணிலும் தண்ணீர். அமோனியாவுக்கு அழுகிறார்களா, படம் முடியவில்லை என்று அழுகிறார்களா என்று கண்டுபிடிக்க முடியாது. அந்த மட்டில் அந்த அறை ஓர் இரக்கமுள்ள அறை.

இந்த வேலையில் ஒரு விஷயம்தான் முக்கியம். டிரேசிங் தாள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தெரியும். மை போட்ட பக்கம் மேலே இருக்க வேண்டும். புரட்டிப் போட்டால் படம் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலமாகிவிடும்.

படித்தவர்களுக்கு இது சுலபம். தாளில் எழுத்து இருக்கும். பார்த்துப் போடலாம். எனக்கு B என்ற எழுத்துக்கு வலப்பக்கம் தொப்பை என்று தெரியும். அவ்வளவுதான். அதனால் நான் விரலால் பார்ப்பேன். மைக்கோடு தாளின்மேல் மெல்லிய மேடாக நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே எது மேல்பக்கம் என்று சொல்லிவிடுவேன். பிள்ளைகள் பந்தயம் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒருமுறையும் தோற்றதில்லை.

அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. உண்டு என்று எழுதக் கூடாது. இருந்தது.

தலையாட்டும் பெண்

மைமூனா எண்பதுகளின் தொடக்கத்தில் வந்தவள். அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் தமிழ். அவளுடைய வாப்பாவுக்குச் சிராங்கூன் ரோட்டில் கைலிக் கடை. எல்லாருக்கும் நான் அங்கிள். அவளுக்கு மட்டும் அண்ணன்.

கோடு போட்டால் ஊசியால் கீறினதுபோல் இருக்கும். படத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் வாய் திறக்கமாட்டாள். ஆசிரியர் எது சொன்னாலும் தலையை ஆட்டுவாள். அவ்வளவுதான்.

அவளுடைய விரிவுரையாளரைப் பிள்ளைகள் சிவப்புப் பென்சில் என்பார்கள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். ஒல்லியான சீனர். வாரா வாரம் மேசை மேசையாக வருவார். படத்தின்மேலேயே சிவப்பில் கோடு போடுவார். போட்டுவிட்டு, "ஏன்?" என்று கேட்பார். பதில் வரும்வரை நிற்பார். எதிர்த்துப் பேசுகிறவனிடம் அரை மணி நேரம் நிற்பார். தலையாட்டுகிறவளிடம் ஒரு நிமிடம்கூட நிற்கமாட்டார்.

அந்த வருஷம் அவள் செய்தது ஒரு பெண்கள் கட்டடம். தையல் வகுப்பு, ஒரு வாசிப்பு அறை. இடம் லிட்டில் இந்தியாவில், அவள் வாப்பா கடை வரிசையிலேயே ஒரு மூலை மனை. அப்போது அங்கே லாலாங் புல்தான் முளைத்துக் கிடந்தது. ஒரு பக்கம் பஸ் போகிற பெரிய ரோடு. எதிர்ப்பக்கம் பின்சந்து.

மைமூனா வாசலைப் பின்சந்துப் பக்கம் வைத்திருந்தாள்.

"நல்ல ரோடு இருக்கு. அதுக்கு முதுகக் காட்டி நிக்குது உன் கட்டடம். வாசல ரோட்டுப் பக்கம் வை" என்றார் சிவப்புப் பென்சில்.

தலையாட்டினாள்.

அடுத்த வாரம் வந்தார். வாசல் பின்சந்தில்தான் இருந்தது. சிவப்பில் ஓர் அம்புக்குறி போட்டார். தலையாட்டினாள். அதற்கு அடுத்த வாரமும் அப்படியே. படம் முழுக்க அம்புக்குறி. போர்க்களம் மாதிரி இருந்தது. வாசல் நகரவில்லை.

ஒருநாள் அச்சுக்குத் தாள் கொண்டு வந்தாள். நான் கேட்டேன்.

"ஏம்மா, அவர் சொன்ன மாதிரி மாத்திட வேண்டியதுதானே?"

"அது தப்புண்ணே."

"அப்ப அத அவர்கிட்ட சொல்லு."

"ஸார்கிட்ட எப்படிண்ணே எதுத்துப் பேசுறது?"

"அப்ப மாத்திடு."

"அது தப்புண்ணே."

இப்படியே ரெண்டு சுற்று வந்தோம். மூன்றாவது சுற்றில் நான் விட்டுவிட்டேன். நானும் வாயில்லாதவன். துறைமுகத்தில் எங்களை மேய்த்த தண்டல் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியே பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓட்டினவன். அவளுக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

முந்தின வருஷம் கிரிட்டில் அவள் ஒரு வார்த்தை பேசாமல் நின்று தோற்றிருந்தாள். அதனால் அதே வருஷத்தைத் திரும்பப் படித்தாள். இந்தத் தடவையும் தோற்றால் படிப்பை விட்டுப் போக வேண்டியதுதான். பல்கலைக்கழகத்தின் விதி அது.

"வாப்பா என்ன சொல்றாரு?" என்று கேட்டேன்.

"'படம் போட்டது போதும், வந்து கைலிய மடி'ங்கிறாரு. கல்லாவுக்குப் பக்கத்துல எனக்கு ஒரு ஸ்டூல்கூட வாங்கிப் போட்டாச்சுண்ணே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை. அமோனியாவாகவும் இருக்கலாம்.

அந்தக் காலை

கிரிட் நாளன்று காலை மைமூனா ஓடி வந்தாள். கையில் ஆறு தாள்.

"அண்ணே, மாடல்ல கூரை பிச்சுக்கிச்சு. நான் போய் ஒட்டணும். நீங்க போட்டு வையுங்கண்ணே. என் முறை வர்றதுக்குள்ள வந்துடறேன்."

"போ, போ."

"கீழ்த்தளத்துல மட்டும் இன்னும் எழுத்து போடல. அத நான் பிரிண்ட்டுல எழுதிக்கிறேன்."

"சரிம்மா."

"பாத்துப் போடுங்கண்ணே."

இதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. என்னிடமா, பார்த்துப் போடு என்பது?

ஐந்து தாள் சரியாகப் போட்டேன். ஆறாவது கீழ்த்தளம். எழுத்து இல்லை. கண்ணை மூடினேன். விரலால் தடவினேன். சுவர்க்கோடு எல்லாம் தடிப்பாக ஒரு பக்கம் நின்றது. அந்தப் பக்கத்தை மேலே வைத்து உள்ளே விட்டேன்.

பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் உண்டு. மை தப்பாக விழுந்தால் பிளேடால் சுரண்டுவார்கள். ஒரே இடத்தில் பலமுறை சுரண்டினால் தாள் கிழியும். அதனால் தாளைப் புரட்டி, பின்பக்கத்தில் கோடு போடுவார்கள். தாள் கண்ணாடி மாதிரி என்பதால் முன்னாலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

மைமூனா அந்தச் சுவர்களை எல்லாம் பின்பக்கம்தான் வரைந்திருந்தாள். அத்தனை வாரம் வாசலைச் சுரண்டிச் சுரண்டித் திரும்ப அங்கேயே வரைந்த தாள் அது. முன்பக்கம் பஞ்சாகிவிட்டிருந்தது.

என் விரல் பொய் சொல்லவில்லை. மை எந்தப் பக்கம் என்றுதான் அது சொன்னது. முன்பக்கம் எது என்று நான் அதைக் கேட்கவில்லை.

அவளுக்கு முந்தின பையன் வரவில்லை. மேசைக்கு அடியில் தூங்கிவிட்டானாம். மைமூனாவைக் கூப்பிட்டார்கள். அவளைக் காணோம். "படத்தையாவது மாட்டு, முத்து" என்றார் சிவப்புப் பென்சில். என் பெயர் சவரிமுத்து. சவரி அவருக்கு வாயில் நுழையாது.

மாட்டினேன். எல்லாப் படத்திலும் இடப்பக்கம் பெரிய ரோடு, வலப்பக்கம் பின்சந்து. அது அவர்கள் வழக்கம்; எது ரோடு, எது சந்து என்று எழுத்தில்தான் குறிப்பார்கள். கீழ்த்தளத்தில் வாசல் இடப்பக்கம் போய் ரோட்டைப் பார்த்து நின்றது.

அதைப் பார்த்துத்தான் அவர் சிரித்தார்.

ஒரு தலையாட்டு

திரும்ப அந்த அறைக்கு வருகிறேன். அங்கே பேசினது எல்லாம் இங்கிலீஷ். எனக்குப் புரிந்த அளவு தமிழில் எழுதுகிறேன். புரியாததை அவளே பிற்பாடு சொன்னாள்.

சிவப்புப் பென்சிலுக்கு ஒரு பக்கம் ஒரு சீன ஆசிரியை. மறுபக்கம் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், வெள்ளைக்காரர். வெயிலில் வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

வெள்ளைக்காரர் எழுந்து மாடலைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கீழ்த்தளத்தையும் மேல்தளத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கீழ படிக்கட்டு இந்தப் பக்கம். மேல போனா அந்தப் பக்கம். இந்த ஊரில் படிக்கட்டும் நடந்து போகுமா?" என்றார்.

மைமூனா அப்போதுதான் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு கதவருகே நின்ற என்னைப் பார்த்தாள்.

நான் தரையைப் பார்த்தேன்.

சிவப்புப் பென்சில் கையை நீட்டி அமர்த்தினார். அன்று அவருக்கு நல்ல மனநிலை. அவளைக் காப்பாற்ற வேண்டும் என்றே நினைத்தார்.

"எனக்குப் புரியுது. மாடலும் மேல்தளமும் பழசு. வாசல மாத்தி கீழ்த்தளத்தப் புதுசா வரைஞ்சிருக்க. மத்தத மாத்த நேரமில்ல. அப்படித்தானே?"

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

அவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. தலையாட்ட வேண்டும். அவளைப்போல் அதைச் செய்யத் தெரிந்தவர் அந்த மேட்டிலேயே கிடையாது. ஆட்டினால் தேறிவிடுவாள். ஸ்டூலை வாப்பா வேறு யாருக்காவது போட்டுக்கொள்ளட்டும்.

நான் மனசுக்குள் சொன்னேன். ஆட்டும்மா. ஆட்டு. மாதாவே, அவ தலைய ஆட்டிவிடு.

அவள் கழுத்து அசைவதைப் பார்த்தேன். பாதியில் நின்றது.

"இல்ல ஸார்" என்றாள்.

சிவப்புப் பென்சிலுக்குக் காது கேட்கவில்லை என்று நினைக்கிறேன். அவளுடைய குரலை அவர் கேட்டுப் பழகியிருக்கவில்லை.

"என்ன?"

"அது என் பிளான் இல்ல ஸார்."

"உன் பிளான் இல்லன்னா வேற யாரோடது?"

அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. இரண்டு வாயில்லாத ஜென்மங்கள் அந்த அறையில் நின்றோம். யாராவது ஒருவர் பேசித்தான் ஆக வேண்டும்.

கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் கை தூக்கினதில்லை.

"என்னுது ஸார்" என்றேன்.

வெள்ளைக்காரர் என் கால்சட்டையையும் மறுகையில் இருந்த துடைப்பத்தையும் பார்த்தார். மரியாதையாகத் தலையைக் குனிந்தார். என்னையும் ஓர் ஆசிரியர் என்று நினைத்துவிட்டார்போல.

"பேப்பரத் திருப்பிப் போட்டுட்டேன் ஸார். பிள்ளை மேல தப்பு இல்ல."

சிவப்புப் பென்சிலின் முகம் அவருடைய பென்சில் நிறத்துக்குப் போனது. மெஷின் செய்த தப்பைப் பாராட்டி, அதையும் வெளியூர் ஆள் முன்னால் பாராட்டி உட்கார்ந்திருக்கிறார். எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கீழ்த்தளத் தாளைச் சுவரிலிருந்து கழற்றினார். வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தார். புரட்டிப் பார்த்தார்.

"தப்போ சரியோ, இது நல்ல பிளான். உன்னோடது மோசமான பிளான். முத்து உன்னைவிட நல்லா டிசைன் பண்றார்" என்றார்.

அதுதான் அவளைக் கிளப்பியது. வேறு எதுவும் இல்லை. அம்புக்குறி தாங்கினாள். தோல்வி தாங்கினாள். அமோனியாக்காரன் நன்றாக வரைகிறான் என்றதை அவளால் தாங்க முடியவில்லை.

மூன்று ஞாயிறு

"ஸார், நீங்க அந்த ரோட்டுல ஞாயித்துக்கிழம சாயந்தரம் நடந்திருக்கீங்களா?" என்றாள்.

"நெறைய தடவ."

"உங்க மனைவி?"

சிவப்புப் பென்சில் யோசித்தார். பக்கத்தில் இருந்த சீன ஆசிரியை தொண்டையைச் செருமினார்.

"நான் ஒருதடவ நடந்தேன். பாதியில பின்சந்துக்குத் திரும்பிட்டேன்" என்றார் அந்த அம்மா. அன்று முழுக்க அவர் பேசினது அவ்வளவுதான்.

மைமூனா பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தாள். பக்கம் பக்கமாகக் குச்சி குச்சியாய்க் கோடு.

"மூணு ஞாயித்துக்கிழம வாப்பா கடையில உக்காந்து எண்ணுனேன் ஸார். முன்னால யார் போறாங்க, பின்னால யார் போறாங்கன்னு. முன்னால பூரா ஆம்பளைங்க. வெத்தலக் கடை வாசல்ல நிப்பாங்க. கிளி ஜோசியர சுத்தி நிப்பாங்க. வெங்காய மூட்டை மேல உக்காந்திருப்பாங்க. கெட்டவங்க இல்ல ஸார். ஆனா நகர மாட்டாங்க. பொம்பளைங்க பூரா பின்சந்துல போறாங்க. எங்க உம்மா அந்தத் தெருவுக்கு வந்து இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. கடைக்கு முன்வாசல் வழியா ஒருநாளும் வந்ததில்ல. சீலை எடுக்க வர்றவங்களும் பின்னாலதான் வந்து கதவத் தட்டுவாங்க."

மூச்சு வாங்கிக்கொண்டாள். நான் அவள் இத்தனை வார்த்தையைச் சேர்த்துப் பேசிக் கேட்டதில்லை. குரல் நடுங்கவில்லை.

"உங்களுக்கு அது முதுகு ஸார். அவங்களுக்கு அதான் மொகம்."

வெள்ளைக்காரர் நோட்டை வாங்கிப் புரட்டினார். சிவப்புப் பென்சில் விடவில்லை. பேச்சுக்குப் பேச்சு கிடைத்ததும் அவருக்கு முகம் தெளிந்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"அப்ப காலம் பூரா அவங்க பின்னாலயே போகட்டும்கிறியா? ரோடு அவங்களுக்குச் சொந்தம் இல்லயா? கட்டடம் அத மாத்தக் கூடாதா?"

நல்ல கேள்வி. எனக்கே அவர் பக்கம் சாயலாம்போல் இருந்தது.

"மாத்தலாம் ஸார். முதல்ல அவங்க உள்ள வரணும். வரவே இல்லன்னா யாருக்கு மாத்துறது?"

"ரெண்டு பக்கமும் வாசல் வை."

"வெச்சா ஆம்பளைங்க இதுல பூந்து அதுல போவாங்க ஸார்."

"எதுக்கு?"

"பஸ் ஸ்டாப்புக்குக் குறுக்கு வழி."

வெள்ளைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். சிவப்புப் பென்சில் சிரிக்கவில்லை. "அது ஒரு பிரச்சினதான்" என்று ஒத்துக்கொண்டார்.

அப்புறம் அரை மணி நேரம் அவர்கள் சண்டை போட்டார்கள். கதவு எவ்வளவு அகலம், சந்தில் மழைத் தண்ணீர் எங்கே போகும், குப்பைத் தொட்டி எங்கே, தையல் மெஷினுக்கு வெளிச்சம் எந்தப் பக்கம். அவர் ஒன்று சொன்னால் அவள் ஒன்று சொன்னாள். சிலதில் அவர் ஜெயித்தார். மழைத் தண்ணீர் விஷயத்தில் அவள் தோற்றாள். தோற்றதைத் தலையாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. "அத நான் யோசிக்கல ஸார்" என்று வாயால் சொன்னாள்.

கடைசியில் அவர் கேட்டார்.

"இந்த நோட்டு எத்தன நாளா உன் பையில இருக்கு?"

"ஆறு மாசமா ஸார்."

"ஏன் காட்டல? வாரா வாரம் வந்தேனே. ஏன், ஏன்னு கேட்டேனே."

"ஏன் மாத்தலன்னுதான் கேட்டீங்க ஸார். ஏன் அங்க வெச்சேன்னு கேக்கல."

அவர் பென்சிலைப் பையிலிருந்து எடுத்தார். பார்த்தார். திரும்பப் பையில் வைத்தார்.

வெளியே அனுப்பிவிட்டு மூன்று பேரும் பேசினார்கள். கதவைச் சாத்த வேண்டியது என் வேலை. மெதுவாகச் சாத்தினேன். சாத்துவதற்குள் சிவப்புப் பென்சில் சொன்னது காதில் விழுந்தது.

"வாசல் இன்னும் தப்புதான். ஆனா எதுக்காகத் தப்புப் பண்றான்னு அவளுக்குத் தெரியுது. பாஸ்."

கச்சேரி

எனக்கு அவ்வளவு சந்தோஷம். துறைமுகத்தில் கடைசி மூட்டையை இறக்கி வைத்தபோதுகூட முதுகு அவ்வளவு லேசாக இருந்ததில்லை. கீழே என் அறைக்குப் போய் மெஷினைத் துடைத்தேன். நோட்டீஸ் போர்டில் பெயர் பார்த்துவிட்டு வருவாள் என்று தெரியும். ஒரு நன்றி சொல்வாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். 'பரவால்லம்மா' என்று சொல்வதாக முடிவு.

வந்தாள். கதவைத் திறந்த வேகத்தில் சுவரில் இருந்த காலண்டர் விழுந்தது.

"அண்ணே! ஒரு தாள நேராப் போடத் தெரியாதா உங்களுக்கு?"

"பாஸ் ஆயிட்டியாம்மா?"

"அது கெடக்கட்டும்! பாத்துப் போடுங்கன்னு சொன்னேனா இல்லயா?"

"சொன்ன."

"விரல்ல பாக்குறாராம் விரல்ல! கண்ணு எதுக்கு இருக்கு? அடையாளத்துக்கா? எழுத்து இல்லன்னா ஒரு எட்டு மேல வந்து கேட்டா என்ன? நான் என்ன மலேசியாவுலயா இருந்தேன்? மேல் மாடியிலதானே இருந்தேன்! அப்புறம், 'என்னுது ஸார்'ங்கிறீங்க! உங்க வேலையப் பறிச்சிருந்தா? ஆரோக்கியம் அக்காவுக்கு யாரு பதில் சொல்றது? நானா?"

'பரவால்லம்மா'வைப் போட ஓர் இடம் தேடினேன். கிடைக்கவில்லை.

மழைத் தண்ணீருக்கு அவரிடம் தோற்ற கோபமும் என் தலையில்தான் இறங்கியது. முந்தின வருஷத்துக் கிரிட்டில் பேசாமல் விட்டது எல்லாம் வந்தது. பிறகு வாப்பா, ஸ்டூல், பஸ் லேட்டாக வருவது, அமோனியா வாடை, நான் பீங்கான் கடையில் புகுந்த யானை என்பது. எங்கே ஆரம்பித்தாள், எங்கே போகிறாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் மெஷினுக்கு எதிரே கை கட்டி நின்றேன்.

அந்த நேரம் பார்த்து சிவப்புப் பென்சில் வந்தார். கக்கத்தில் ஒரு சுருள். அவருடைய சொந்தப் படம் ஏதோ அச்சுப் போட வந்திருக்கிறார். அவள் அவருக்கு முதுகைக் காட்டி நின்றாள், பார்க்கவில்லை. தமிழ் அவருக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் கதவருகே நின்று கொஞ்ச நேரம் கேட்டார். அவள் நிறுத்துவாள் என்று பார்த்தார். நிறுத்தவில்லை.

'அப்புறம் வர்றேன்' என்று எனக்குக் கையைக் காட்டினார். சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.